செஃப்போடாக்சிம் மாத்திரையை வெறும் வயிற்றில் போடலாமா?

டோஸைக் கூட்ட வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். மல்லிகை பறிக்கப் போகுமுன் அம்மா சிறுநீர் எரிச்சலுக்கான 200 மி.கி. செஃப்போடாக்சிம் ஆன்டிபயாடிக்கை வெறும் வயிற்றில் போடுகிறார், கூடவே நெஞ்செரிச்சலுக்கு ஜெலுசில் என்று எழுதியிருக்கிறீர்கள். சிறுநீர் எரிச்சல் மூன்று நாளாகியும் குறையாததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். இந்த மாத்திரை சாப்பாட்டோடுதான் நன்றாக உடலில் சேரும். ஜெலுசில் வயிற்று அமிலத்தைக் குறைக்கும், அமிலம் குறைந்தால் மாத்திரை சேர்வதும் குறையும். சிலர் 'ஆன்டிபயாடிக் சூடு' என்று சொல்லி ஜெலுசிலையும் கூடவே கொடுத்துவிடுகிறார்கள், கேட்கவே கவலையாக இருக்கிறது.

பூப் பறித்து வந்து நாலு இட்லி சாப்பிட்ட கையோடு போடட்டும். இரவு மாத்திரையும் அப்படியே, 12 மணி நேர இடைவெளியில். ஜெலுசில் இல்லாமல் முடியாதென்றால் இரண்டு மணி நேரமாவது தள்ளிக் கொடுங்கள்.

ஆனால் இதைச் செய்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். மூன்று நாள் ஆகிவிட்டதால் இன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். கிருமி இந்த மருந்துக்கு அடங்காததாகவும் இருக்கலாம், சிறுநீரிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் யூரின் கல்ச்சர் பரிசோதனைதான் அதைக் காட்டும். மேலூர் மெடிக்கலில் கேட்டு வேறு மாத்திரைக்கு மாற்றாதீர்கள்.

குளிர் காய்ச்சல், விலாவில் வலி, வாந்தி, உடம்பில் தடிப்பு, மூச்சுத்திணறல், இதில் ஒன்று வந்தாலும் நேரே மதுரை பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.