மாதவன் இல்லை, மாதப்பன்

அன்புள்ள ஐயா,

என் பெயர் மாதேஷ், ஊர் பாலக்கோடு பக்கம். அப்பா மாதப்பன், தாத்தா மாதையன். பெங்களூர் ஆபீசில் எல்லோரும் மாதவனைத்தான் சுருக்கிவிட்டேன் என்று நினைக்கிறார்கள். அடுத்த மாதம் குழந்தை பிறக்கப்போகிறது. பையன் என்றால் தாத்தா பெயரை வைக்க ஆசை, மனைவிக்கு அது ரொம்பப் பழசாகத் தெரிகிறது. இந்தப் பெயருக்கு என்னதான் அர்த்தம்?

அன்புள்ள மாதேஷ்,

மாதவனுக்கும் உங்கள் பெயருக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. அது பெருமாள் பெயர், உங்களுடையது சிவன் பெயர். மகாதேவன் வாயில் தேய்ந்தால் மாதேவன். செம்பியன் மாதேவி, சேரன்மாதேவி எல்லாம் இப்படித் தேய்ந்தவைதான். கன்னடத்தில் அப்பா சேர்ந்து மாதப்பா. மாதேஸ்வரன் மலையில் புலிமேல் உட்கார்ந்திருக்கும் சாமியை ஜனங்கள் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். சிவராத்திரிக்கு நம் பக்கத்திலிருந்து நடந்தே போகிறவர்கள் "உகே மாதப்பா" என்று குரல் கொடுத்துக்கொண்டே மலையேறுவதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அந்த மலை இன்று கர்நாடகத்தில், சாம்ராஜ்நகர் மாவட்டத்தில் இருக்கிறது, சரி. ஆனால் 1956 வரை கொள்ளேகால் தாலுகா நம் கோயம்புத்தூர் மாவட்டத்தோடுதான் இருந்தது. எல்லைக்கோடு போடுவதற்கு வெகுகாலம் முன்பே சாமியும் பெயரும் காவிரியைத் தாண்டிப் பென்னாகரம், தர்மபுரி என்று வந்துவிட்டன.

இந்தப் பெயரைச் சுருக்கி மாது என்பார்கள், என் வகுப்பில் நான்கு மாது. வாத்தியார் பெரிய மாது, சின்ன மாது, ஏரிக்கரை மாது என்று வருகைப் பதிவேட்டில் பென்சிலால் குறித்து வைத்திருந்தார், நாலாவது ஆளுக்கு வெறும் இனிஷியல். வெளியூர் காலேஜுக்குப் போனபோதுதான் தொந்தரவு. மாது என்றால் பெண்ணாயிற்றே என்று சிரித்தார்கள், சின்ன மாது ஒரு வருஷம் முழுக்கக் கூனிக்குறுகிப் போனான், எனக்கு இன்றும் அதை நினைத்தால் கோபம் வரும். அப்புறம் ரமேஷ், சுரேஷ் காலம் வந்தது. மாதேஸ்வரனின் வாலை நறுக்கி மாதேஷ் ஆக்கினார்கள். சாமியையும் விடவில்லை, காலத்துக்கும் ஒத்துப்போனார்கள், உங்கள் அப்பா அம்மா செய்தது நல்ல காரியம் என்றே சொல்வேன். இப்போது அந்தப் பள்ளியில் என் அண்ணன் மகள் டீச்சர். அவள் வகுப்பில் மாதேஷ் ஒருவன் இருக்கிறான், மாது ஒருவர்கூட இல்லை.

மாதையன் எனக்கு உயிரான பெயர்தான், ஆனால் பெற்றெடுக்கப்போகிறவர் மனசு ஒப்ப வேண்டும். மாதேவன் என்று சொல்லிப் பாருங்கள், பெண் என்றால் மாதேவி. இரண்டுமே பழசாகக் கேட்காது. எதை வைத்தாலும் ஊரில் இருக்கிற பாட்டி மாதூ என்றுதான் கூப்பிடப்போகிறார். பெயர் வைத்ததும் ஒரு வரி எழுதுங்கள்.