சோவியத் ஆதிக்கத்தை ஹங்கேரி ஜோடி எப்படி உடைத்தது?

பனித்தளத்தில் சறுக்கியபடி ஜோடியாக ஆடும் ஐஸ் டான்ஸ் போட்டியில் சோவியத் ஜோடிகளை ஹங்கேரி எப்படி வென்றது, அதன் பயிற்சியாளர் யார் என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த ஜோடி கிறிஸ்டினா ரெகோட்ஸியும் ஆந்த்ராஷ் ஷல்லாயும். 1970 முதல் 1979 வரை பத்து உலகப் பட்டங்களும் சோவியத் ஜோடிகளுக்கே போயின. 1980 பிப்ரவரியில் லேக் பிளாசிட் ஒலிம்பிக்கிலும் நடாலியா லினிச்சுக், கென்னாடி கார்போனோசோவ் ஜோடி நூலிழையில் முந்த, ஹங்கேரிக்கு வெள்ளிதான். அடுத்த மாதமே மேற்கு ஜெர்மனியின் டார்ட்மண்டில் கணக்கு நேர் செய்யப்பட்டது. அதே எதிராளிகளை வீழ்த்தி உலகப் பட்டம் வென்றார்கள்.

பயிற்சியாளர் பெட்டி கேலவே என்ற ஆங்கிலேயப் பெண்மணி. புடாபெஸ்ட் ஜோடிக்கு ஏன் ஆங்கிலேயர்? 1952 முதல் 1960 வரை இந்தப் பிரிவின் உலகப் பட்டங்கள் அனைத்தையும் பிரிட்டன் ஜோடிகளே வென்றிருந்தன. அப்போதைய போட்டியில் கட்டாய நடனங்களும் உண்டு: எல்லோருக்கும் ஒரே அடிவைப்பு, ஒரே தாளம். பகட்டுக்கு அங்கே இடமில்லை. பனியில் சறுக்குக் காலணியின் அடியிலுள்ள கத்தியின் விளிம்பு எவ்வளவு சுத்தமாக ஓடுகிறது என்பதே பேசும். பிரிட்டன் மரபின் பலம் அதில்தான் என்பது என் கணிப்பு.

கேலவே 1978 முதல் பிரிட்டனின் ஜேன் டார்வில், கிறிஸ்டோபர் டீன் ஜோடிக்கும் பயிற்சி அளித்தார். 1984 சரயேவோ ஒலிம்பிக்கில் கலைநயத்துக்கு ஒன்பது நடுவர்களும் அப்போதைய உச்ச மதிப்பெண்ணான 6.0 வழங்கியது அவர்களுக்குத்தான்.

தோற்ற லினிச்சுக்கும் சளைத்தவர் அல்லர்: பயிற்சியாளராகி, 1994-இல் ரஷ்யாவின் கிரிஷுக், பிளாட்டோவ் ஜோடியை ஒலிம்பிக் தங்கம் வரை கொண்டுசென்றார்.