சொறிமுட்டையும் சூயஸ் கால்வாயும்

(இந்த வாரம் பதில் சொல்பவர், கொழும்பில் விலங்கியல் படிப்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர்.)

கேள்வி: போன வாரம் வெள்ளவத்தைக் கடற்கரையில் என் மகனின் காலில் நீல நூல் மாதிரி ஒன்று சுற்றிக்கொண்டது. சாட்டையால் அடித்ததுபோல் சிவந்துவிட்டது. பக்கத்தில் நின்றவர்கள் மணல் போட்டுத் தேய்க்கச் சொன்னார்கள். தேய்த்தேன், வலி கூடிவிட்டது. பிறநாட்டுக் கடல்களில் பரவுகிறது என்கிறார்களே, அந்தச் சொறிமுட்டை (ஜெல்லி மீன்) இங்கேயும் வந்துவிட்டதா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: இல்லை அம்மா, இது பழைய ஆள்தான். பெயர் பிசாலியா. தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் நம் மேற்குக் கரையில் ஒதுங்கும். நீந்தத் தெரியாது, காற்று நிரம்பிய நீலக் குமிழ்தான் அதற்குப் பாய்மரம். சரியாகச் சொன்னால் அது சொறிமுட்டையே இல்லை, பல சிற்றுயிர்கள் ஒட்டி வாழும் ஒரு கூட்டம். ஒன்பது வயதில் தெஹிவளையில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இறங்கி, ‘டப்’பென்று வெடிக்கும் என்று அந்தக் குமிழை வெறுங்காலால் மிதித்தவன் நான். வெடித்தது. அம்மா தேசிக்காய் பிழிந்து தேய்த்தார். அன்றிரவு வீட்டில் யாரும் தூங்கவில்லை.

தேய்ப்பதுதான் பிழை. அந்த நூல் முழுக்க நுண்ணிய கொட்டும் உயிரணுக்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் சுருட்டி வைத்த ஊசி. தோலில் ஒட்டியவற்றில் பல இன்னும் வெடிக்காமலே கிடக்கும். தேய்த்தால் அவையும் வெடிக்கும். குழாய்த் தண்ணீர் ஊற்றினாலும் வெடிக்கலாம். கரையில் செத்து ஒதுங்கியதும் கொட்டும், ஆகவே கையால் எடுத்துப் பார்க்காதீர்கள். கடல்நீரால் கழுவுங்கள், நூலைச் சாமணத்தால் எடுங்கள், பிறகு கை பொறுக்கும் சூட்டில், ஏறக்குறைய 45 பாகை செல்சியஸ், வெந்நீரில் 20 நிமிடம் காலை வைத்திருங்கள். சூட்டை முதலில் உங்கள் கையில் பார்த்துக்கொள்ளுங்கள், பிள்ளையின் காலில் அல்ல. வினாகிரி பெட்டிச் சொறிமுட்டைக்கு நல்லது; பிசாலியாவுக்கு ஊற்றலாமா என்பதில் ஆய்வாளர்களே இன்னும் ஒத்துப்போகவில்லை. சிறுநீர் வைத்தியத்தை மறந்துவிடுங்கள். மூச்சு முட்டினாலோ, வாந்தி, நெஞ்சுவலி வந்தாலோ யோசிக்காமல் 1990 என்ற அம்புலன்ஸ் எண்ணுக்கு அழையுங்கள்.

கேள்வி: தங்கச்சி லெபனானில் வேலை செய்கிறாள். அங்கே கடலில் பெரிய வெள்ளைச் சொறிமுட்டைகள் நிறைந்து கிடக்கும் வீடியோ அனுப்பினாள். காலிமுகத்திடலுக்கும் இப்படி வருமா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: தங்கச்சி பார்த்தது ‘நாடோடி’ சொறிமுட்டையாக இருக்கலாம். விஞ்ஞானப் பெயரிலும் நாடோடி என்றே இருக்கிறது: ரோபிலேமா நொமாடிக்கா. ஆனால் பயணம் நீங்கள் நினைக்கும் திசையில் நடக்கவில்லை. அது செங்கடல், இந்து சமுத்திரப் பக்கத்து உயிர். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. வழியிலிருந்த கசப்பு ஏரிகளின் கடும் உப்பு நெடுநாள் வேலிபோல் நின்றது. உப்பு கரையக் கரைய வேலியும் போனது. 1970களில் மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையில் இந்த நாடோடியைக் கண்டார்கள். பிறகு கோடையில் பெருங்கூட்டமாக வரத் தொடங்கியது. குடை 80, 90 சென்ரிமீற்றர்கூட வரும். மீனவர் வலையில் மீனுக்குப் பதில் இதுதான். 2011இல் இஸ்ரேலின் ஹதேரா மின்நிலையத்தில், இயந்திரத்தைக் குளிர்விக்கக் கடல்நீர் இழுக்கும் வாயிலேயே தொன் கணக்கில் அடைத்துக்கொண்டது.

கல்லிலும் பாலத் தூணிலும் பூ மாதிரி ஒட்டியிருக்கும் குட்டிப் பருவம் ஒன்று இதற்கு உண்டு. தட்டுத் தட்டாகப் பிரிந்து ஒவ்வொன்றும் ஒரு சொறிமுட்டை ஆகும். நாம் கரையோரம் கொங்கிறீற் போடப் போட அதற்கு வீடு கட்டிக் கொடுக்கிறோம். சொறிமுட்டையை விரும்பித் தின்னும் கடலாமையோ, பொலித்தீன் பையை அதுவென்று நினைத்து விழுங்கிச் சாகிறது.

நாடோடி நம் பக்கத்துக் கடலிலிருந்து அங்கே போனது, ஆகவே அதை நினைத்து நான் பயப்படவில்லை. என் கண் துறைமுகத்துப் பக்கம்தான். கப்பல் சமநிலைக்காக ஒரு துறையில் நீர் ஏற்றி இன்னொரு துறையில் கொட்டும். குஞ்சுகளும் கூடவே வரும். 1980களில் கருங்கடலுக்குச் சீப்புச் சொறி என்ற, சொறிமுட்டை மாதிரி உயிர் ஒன்று அப்படித்தான் அமெரிக்காவிலிருந்து போனது. அது கொட்டவே கொட்டாது, ஆனால் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அங்கே நெத்தலிப் பிடிப்பு சரிந்துவிட்டது. கப்பல் நீரைச் சுத்திகரிக்கும் சர்வதேச உடன்பாடு 2004இல் எழுதி, 2017 செப்டெம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பதின்மூன்று வருடம்! சொறிமுட்டைக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

கேள்வி: சீன உணவகத்தில் சொறிமுட்டை சாப்பிட்டேன் என்கிறான் மருமகன். பொய்தானே?
– வாசகர், கல்கிசை

பதில்: உண்மையாக இருக்கும். உப்பும் படிகாரமும் போட்டு நீரை வடித்துப் பதப்படுத்துவார்கள். நானும் ஒருமுறை தின்றேன். நறுக் நறுக்கென்று இருந்தது, சோஸின் ருசி மட்டும் தெரிந்தது. கல்கிசைக் கரையில் ஒதுங்கியதைப் பொறுக்கிக்கொண்டு வந்து சமைக்கப் பார்க்க வேண்டாம் என்று மருமகனுக்குச் சொல்லிவையுங்கள்.