சந்திரதால் ஏரிக்கு எப்போது, எந்த வழியில் போகலாம்?

கேள்வி: வருகிற மே மாத விடுமுறையில் என் கணவர், பதினான்கு வயது மகன், சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொள்ளும் அறுபத்தாறு வயது மாமியார் ஆகியோருடன் இமாசலப் பிரதேசத்தின் சந்திரதால் ஏரிக்குச் சென்று, கரையிலேயே கூடாரமடித்து இரண்டு இரவு தங்க விரும்புகிறோம். மணாலியிலிருந்து ஒரே நாளில் போய்விடலாம் என்கிறார்கள். எங்கள் திட்டம் சரிதானா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: ஏரியைப் பார்த்தே தீர வேண்டும் என்ற உங்கள் ஆவலில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் மாதம், வழி, தங்குமிடம் ஆகிய மூன்றையும் மாற்ற வேண்டும்.

முதலில் மாதம். லாஹௌல்–ஸ்பிதி மாவட்டத்தில் சுமார் 4,300 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த ஏரிக்குச் செல்லும் பாதை மே மாதத்தில் பெரும்பாலும் பனியால் மூடிக்கிடக்கும்; ஜூனில்தான் வழி திறக்கும். ஜூலை, ஆகஸ்டில் மணாலிப் பக்கமும் கின்னௌர் மாவட்டப் பக்கமும் மழையும் மண்சரிவும் மிகுதி. ஆகவே மகனின் காலாண்டுத் தேர்வு விடுமுறையை ஒட்டி, செப்டம்பர் பிற்பகுதியில் போவதே நல்லது. இரவில் தண்ணீர் உறையும் குளிர் இருக்கும். அந்த மாத இறுதியிலிருந்து கூடாரங்களையும் பிரிக்கத் தொடங்கிவிடுவார்கள் என்பதால், முன்பதிவு செய்யும்போதே தேதியை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அடுத்தது வழி, உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது இதுதான். நம் தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். மணாலி அதைவிடவும் தாழ்வானது. அங்கிருந்து ஒரே நாளில் இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் ஏறினால், கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ அறுபது சதவீத ஆக்சிஜனே கிடைக்கும் காற்றுக்கு உடம்பு பழக நேரமே இருக்காது. முதல் முறை நானும் அப்படித்தான் போனேன். பையிலிருந்த பிஸ்கட் பொட்டலம் காற்றழுத்தம் குறைந்து தலையணைபோல உப்பியிருந்ததைப் பார்த்து வியந்த நான், அடுத்த இரண்டு மணி நேரத்தில் தலைவலியும் வாந்தியுமாகக் கூடாரத்துக்குள் சுருண்டுவிட்டேன். ஏரிக்கு மிக அருகில் இருந்தும் அன்று அதைப் பார்க்கவில்லை.

எனவே சிம்லாவிலிருந்து கின்னௌர் வழியாகச் செல்லுங்கள். கல்பா, நாகோ, தாபோ, காசா என்று ஒவ்வோர் ஊரிலும் ஓர் இரவாவது தங்கினால் உயரம் உடம்புக்குப் படிப்படியாகப் பழகும். தாபோவில், 996-இல் நிறுவப்பட்ட பௌத்த மடத்தின் சுவரோவியங்களையும் பார்க்கலாம். காசாவில் இரண்டு இரவு தங்கி, வண்டிக்கு எரிபொருள் நிரப்பிக்கொண்டு, விடியற்காலையில் குன்சும் கணவாய் வழியாகப் புறப்படுங்கள். வெயில் ஏற ஏறப் பனி உருகி, சாலையைக் குறுக்கே கடக்கும் ஓடைகளில் பிற்பகலில் வெள்ளம் பெருகும் என்பதால் காலைப் பயணமே பாதுகாப்பானது. திரும்பும்போது பாதல், சத்ரு வழியாக இறங்கி, 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதையைக் கடந்து மணாலியை அடையலாம். இதற்கு ஒன்பது நாட்களாவது தேவை. கூடுதலாக இரண்டு நாட்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 2023 ஜூலையில், கோடைக்காலத்திலேயே பெய்த பனியால், 250-க்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் சந்திரதால் முகாம்களில் சிக்கிச் சில நாட்கள் கழித்தே மீட்கப்பட்டார்கள். அங்கே கைபேசித் தொடர்பும் கிடையாது.

கரையில் கூடாரமடிக்க அனுமதி இல்லை. முகாம்கள் ஏரியிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன. வண்டியை நிறுத்திவிட்டுக் கடைசித் தொலைவை நடந்தே கடக்க வேண்டும். 2005-இல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட இடம் அது. இந்தக் கட்டுப்பாட்டை நான் மனமார வரவேற்கிறேன்.

உங்கள் மாமியாரைப் பொறுத்தவரை, மருத்துவரின் சம்மதம் இல்லாமல் பயணச்சீட்டே எடுக்காதீர்கள். அவர் சம்மதித்து, காசா வரை அம்மாவுக்கு எந்தத் தொந்தரவும் இல்லாதிருந்தால், குடும்பத்தோடு பகலில் ஏரியைப் பார்த்துவிட்டு அன்றே காசாவுக்குத் திரும்புங்கள். இரவு ஏரிப் பக்க முகாமில் தங்க வேண்டாம் என்பதே என் கருத்து. இன்சுலின் உறைந்துபோனால் பயன்படாது. அதை வண்டியில் விடாமல் உள்ளாடைப் பையில், உடம்புச் சூட்டில் வைத்திருங்கள். யாருக்கேனும் தலைவலி கூடினாலோ, நடை தடுமாறினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கீழே இறங்கிவிட வேண்டும்.

கேள்வி: லடாக்கின் பாங்காங் ஏரி உப்பு என்கிறார்கள். சந்திரதாலும் அப்படித்தானா? அதில் குளிக்கலாமா?
– ஒரு வாசகர், பொள்ளாச்சி

பதில்: சந்திரதால் நன்னீர் ஏரி. பாங்காங்குக்கு வந்து சேரும் நீர் வெளியேற வழியில்லை. ஆவியாகும் நீர் உப்பை விட்டுச் செல்கிறது. சந்திரதாலிலோ உருகிய பனிநீர் ஒருபுறம் சேர, மறுபுறம் ஓடையாக வெளியேறிச் சந்திரா ஆற்றில் கலக்கிறது. அந்த ஆறு தாண்டி என்ற ஊரில் பாகா ஆற்றுடன் சேர்ந்து சந்திரபாகாவாகி, செனாப் என்ற பெயரில் ஜம்மு–காஷ்மீருக்குள் போகிறது. நீங்கள் கரையில் கரைக்கும் சோப்பும் அதே வழியில்தான் போகும். குளிக்க வேண்டாம், எலும்பை உறைய வைக்கும் அந்த நீரில் இறங்குவது உயிருக்கும் ஆபத்து. குடிப்பதற்குக் கொதிக்க வைத்த நீரை முகாமில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏரியைச் சுற்றி நடக்க நினைத்தால் காற்று எழும்புவதற்குள், காலையிலேயே போய்விடுங்கள். அந்த நேரத்தில்தான் எதிர்ப்பக்க மலையின் ஒவ்வொரு மடிப்பும் அசையாத நீரில் தெரியும்; கரையோரச் சேற்றில் செம்மஞ்சள் நிறச் சக்கரவாகப் பறவைகள் இரண்டிரண்டாக இரை தேடிக்கொண்டிருக்கும்.