கூரைமேல் ஏறியவர்களும் வரிசையில் நிற்பவர்களும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கலிஃபோர்னியா திராட்சைத் தோட்டத் தொழிலாளர்களின் 1965 வேலைநிறுத்தம் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். நன்றாக இருந்தது, ஆனால் ஊரில் உட்கார்ந்துகொண்டு எழுதியது என்பது தெரிகிறது. நான் டாலஸ் பக்கம் குடும்பத்தோடு இருக்கிறேன். இந்த மெக்சிகன் ஆட்களைத் தினமும் பார்க்கிறேன். ஆலங்கட்டி மழைக்குப் பிறகு எங்கள் வீட்டுக் கூரையை மாற்ற வந்தவர்கள் காலை ஆறரைக்கே ரேடியோவை அலறவிட்டார்கள். ஒருவருக்கும் ஆங்கிலம் தெரியாது. பாதிப் பேர் திருட்டுத்தனமாக எல்லை தாண்டியவர்களாகத்தான் இருப்பார்கள். சோம்பேறிகள், சனி ஞாயிறானால் பீர். பிள்ளைகளைப் படிக்கவைக்க மாட்டார்கள், அவன் வளர்ந்து கேங்கில் சேர்ந்துவிடுவான். ஆனால் இருக்கிற வேலையெல்லாம் இவர்களுக்கே போகிறது. நாங்கள் படித்து, விசா வாங்கி, வரி கட்டி, முறையாக வந்தவர்கள். கிரீன் கார்டுக்கு இன்னும் வரிசையில் நிற்கிறோம். எங்களையும் அவர்களையும் ஒரே கூடையில் போட்டது வருத்தமாக இருந்தது. அவர்களில் சொல்லிக்கொள்ளும்படி ஒரு விஞ்ஞானி உண்டா? எனக்கு இனவெறி எல்லாம் கிடையாது, கண்ணால் கண்டதைச் சொல்கிறேன்.

எஸ்., டாலஸ்

*

அன்புள்ள எஸ்.,

சோம்பேறிகள் என்றும், இருக்கிற வேலையெல்லாம் இவர்களுக்கே போகிறது என்றும் ஒரே மூச்சில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டில் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கண்ணால் கண்டது என்ன? டெக்சாஸ் கோடையில் மதியத்துக்குமேல் தார் ஷிங்கிளில் (கூரைமேல் ஆணி அடித்துப் பொருத்தும் தார்த் துண்டுகள்) முட்டி போட முடியாது, கை வெந்துவிடும். அதனால்தான் ஆறரைக்கே ஏறிவிட்டார்கள். பழைய ஷிங்கிளைத் தட்டை மண்வெட்டியால் பெயர்த்துக் கீழே தள்ளி, புது விரிப்பைப் பரப்பி, ஆணி அடித்து, முற்றத்தில் சிந்திய ஆணிகளைக் காந்தத்தால் கூட்டி எடுத்துவிட்டுப் பெரும்பாலும் ஒரே நாளில் போய்விடுவார்கள். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் 2023ஆம் ஆண்டுக் கணக்கில், 16 வயதுக்கு மேற்பட்ட லத்தீனோக்களில் (லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர்) சுமார் 67 சதவீதம் பேர் வேலையில் இருந்தார்கள் அல்லது வேலை தேடினார்கள். மொத்த மக்களில் அது சுமார் 62.6. பெரிய தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு கள்ளிச்செடியடியில் தூங்கும் மெக்சிகரின் படத்தை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தப் படத்தை வரைந்தவன் கூரை ஏறியிருக்க மாட்டான்.

பீரை விட்டுவிடுவோம். அந்த விஷயத்தில் தமிழன் பேசாமல் இருப்பது நல்லது.

‘முறையாக வந்தவர்கள்’ என்ற சொல்லுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தின் பாரம் முழுக்க அதன்மேல்தான் நிற்கிறது. அந்த வேலைநிறுத்தம் தொடங்கியது 1965 செப்டம்பரில். அக்டோபர் 3ஆம் தேதி, நியூயார்க்கில் சுதந்திர தேவி சிலையின் அடியில் அதிபர் ஜான்சன் ஒரு குடியேற்றச் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஹார்ட்-செல்லர் சட்டம் என்பார்கள். அதற்கு முன் இந்தியாவுக்கு இருந்த ஒதுக்கீடு ஆண்டுக்கு 100 பேர். நூறே பேர்! பொறியாளரும் மருத்துவரும் பிறகு உங்களைப் போன்ற கணினிக்காரர்களும் அமெரிக்கா போக முடிந்தது அந்தக் கதவு திறந்ததால்தான்.

அதே சட்டம் இன்னொன்றையும் செய்தது. அதுவரை மெக்சிகோ உள்ளிட்ட மேற்கு அரைக்கோள நாடுகளிலிருந்து வருவோருக்கு எண்ணிக்கை உச்சவரம்பு கிடையாது. முதல்முறையாக அந்த நாடுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 1,20,000 என்று வரம்பு வந்தது. 1976இல் நாட்டுக்கு 20,000 என்று அதை இன்னும் இறுக்கினார்கள். இதற்குச் சற்று முன்னால், 1964 கடைசியில், பிரசேரோ திட்டத்தையும் நிறுத்தியிருந்தார்கள். இரண்டாம் உலகப்போரில் ஆள் பற்றாக்குறை என்று 1942இல் அமெரிக்க அரசே தொடங்கிய திட்டம் அது. 22 ஆண்டுகளில் மெக்சிகர்களோடு சுமார் 46 லட்சம் கூலி ஒப்பந்தங்கள் போட்டிருந்தார்கள். திட்டம் நின்றது, தக்காளி பழுப்பது நிற்கவில்லை. நேற்றுவரை அரசு ஒப்பந்தத்தில் பறித்தவர், மறு வருஷம் அதே தோட்டத்தில் அதே முதலாளிக்குப் பறித்தால் சட்டவிரோதி. முதலாளிக்கு ஒன்றுமில்லை. 1952ஆம் ஆண்டுச் சட்டத்தில், ஆவணமில்லாதவரை வேலைக்கு வைப்பது குற்றமாகாது என்று ஒரு விதிவிலக்கையே எழுதி வைத்திருந்தார்கள். அதற்குப் பெயர் ‘டெக்சாஸ் விதி’, உங்கள் மாநிலத்துப் பண்ணையார்களுக்காக வந்தது. தெரிந்தே வேலைக்கு வைப்பவருக்குத் தண்டனை என்று நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது 1986இல்தான்.

உங்கள் ‘முறையாக’வும் அவர்களது ‘திருட்டுத்தனமாக’வும் ஒரே பேனாவில் எழுதப்பட்டவை என்று நான் சொல்வது இதனால்தான். வரிசையில் நின்று வந்தால் என்ன என்று கேட்பீர்கள். கூரை வேலை, தோட்ட வேலை போன்ற பயிற்சி குறைந்த வேலைகளுக்கான கிரீன் கார்டுக்குச் சட்டம் வைத்திருக்கும் வரம்பு, உலகம் முழுவதற்கும் சேர்த்து, ஆண்டுக்கு 10,000. யாருடைய மனுவின் முறை வந்திருக்கிறது என்று சொல்லும், நீங்கள் மாதாமாதம் பார்க்கும் விசா புல்லட்டினில் இந்தியாவுக்கு அடுத்த கட்டமே மெக்சிகோதான். அமெரிக்கக் குடிமகனான மெக்சிகர் தன் அண்ணனுக்கோ தம்பிக்கோ 2001இல் போட்ட மனுவின் முறை சமீபத்தில்தான் வந்திருக்கிறது.

எல்லை தாண்டுவது அவர்கள் மட்டும் செய்கிற காரியமும் இல்லை. பியூ ஆய்வு மையத்தின் மதிப்பீட்டில், 2022இல் அமெரிக்காவில் ஆவணமின்றி இருந்த இந்தியர்கள் சுமார் 7,25,000 பேர். மெக்சிகோ, எல் சால்வடோருக்கு அடுத்து அன்று மூன்றாம் இடம் நமக்கு. 2025 பிப்ரவரி 5 அன்று, கையிலும் காலிலும் விலங்கோடு 104 இந்தியர்களை ஏற்றிவந்த ராணுவ விமானம் அமிர்தசரஸில் இறங்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். (டெக்சாஸ் மெக்சிகோவின் கையில் இருந்த காலத்தில், 1830 ஏப்ரலில், அமெரிக்கர்கள் இனி குடியேறக் கூடாது என்று மெக்சிகோ சட்டம் போட்டது. அவர்கள் கேட்கவில்லை. மெக்சிகோ அடிமைமுறையை ஒழித்த பிறகும் அடிமைகளோடு வந்துகொண்டிருந்தார்கள், 1836இல் மாநிலத்தையே பிரித்துக்கொண்டார்கள். திருட்டுத்தனமாக எல்லை தாண்டுவதில் டெக்சாஸுக்கு நீண்ட அனுபவம்.)

கேங். அதிகம் பேசப்படும் எம்.எஸ்.-13 மத்திய அமெரிக்காவில் பிறந்ததல்ல. எல் சால்வடோர் உள்நாட்டுப் போருக்குத் தப்பி வந்த குடும்பங்களின் இளைஞர்கள் நடுவே, 1980களில் லாஸ் ஏஞ்சலஸில் உருவானது. அமெரிக்கா அவர்களை நாடுகடத்தியபோதுதான் அங்கே போய்ச் சேர்ந்தது. டெக்சாஸ் காவல்துறையின் 2012 முதல் 2018 வரையிலான கைது விவரங்களை வைத்து 2020இல் ஓர் ஆய்வு வந்தது. வன்முறைக் குற்றங்களுக்காக ஆவணமில்லாதவர்கள் கைதாகும் விகிதம், அங்கேயே பிறந்த குடிமக்களுடையதில் பாதிகூட இல்லை. பயத்தில் வாழ்கிறவன் சிவப்பு விளக்கைக்கூட மீற மாட்டான் என்பது என் ஊகம்.

பிள்ளைகளைப் படிக்கவைக்க மாட்டார்கள் என்று எழுதியிருந்தீர்களே, அதுதான் என்னை உறுத்தியது. 1940களில் கலிஃபோர்னியாவின் வெஸ்ட்மின்ஸ்டர் ஊரில் சோலேடாட் என்ற பெண், தன் பிள்ளைகளையும் சகோதரர் பிள்ளைகளையும் சேர்த்துப் பள்ளியில் விடப் போனார். தன் பிள்ளைகள் வெளுத்த நிறம், விடௌரி என்ற குடும்பப் பெயர். அவர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். சகோதரர் பிள்ளைகள் கறுப்பு, குடும்பப் பெயர் மெண்டெஸ். அவர்களை ‘மெக்சிகன் பள்ளி’க்குப் போகச் சொன்னார்கள். சோலேடாட் எல்லோரையும் திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். சகோதரர் கொன்சாலோ மெண்டெஸ் மெக்சிகர், அவர் மனைவி ஃபெலிசிதாஸ் போர்ட்டோ ரிகோக்காரர். இரண்டாம் உலகப்போரின்போது முகாமில் அடைக்கப்பட்ட ஜப்பானிய அமெரிக்கக் குடும்பம் ஒன்றின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து ஆஸ்பராகஸ் பயிரிட்டுவந்தார்கள். அந்த வருமானத்தில் வக்கீல் வைத்து, இன்னும் நான்கு குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டு வழக்குப் போட்டார்கள். இந்தப் பிள்ளைகள் அழுக்கு, பேன், நோய் என்று கல்வி அதிகாரி ஒருவர் நீதிமன்றத்திலேயே சாட்சி சொன்னார். 1946இல் தீர்ப்பு மெண்டெஸ் பக்கம் வந்தது, 1947இல் மேல்முறையீட்டிலும் நின்றது. பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று கறுப்பினக் குழந்தைகளுக்காக 1954இல் வந்த புகழ்பெற்ற பிரவுன் தீர்ப்புக்கு ஏழெட்டு ஆண்டுகள் முன்பு. உங்கள் பிள்ளை இன்று எல்லோரோடும் ஒரே வகுப்பில் உட்கார்கிறதென்றால், அதில் அந்தக் குத்தகைக்காரரின் காசும் இருக்கிறது.

‘இந்த மெக்சிகன் ஆட்கள்’ என்றீர்களே, கேட்டுப் பார்த்தீர்களா? குவாத்தமாலா மலைப்பகுதியிலிருந்து வந்தவர்களாகவும் இருக்கலாம். அங்கே பலருக்குத் தாய்மொழி ஸ்பானிஷ் இல்லை, மாம் அல்லது கிச்சே என்ற மாயா மொழி. அமெரிக்கக் குடியேற்ற நீதிமன்றங்களில் அதற்குத் தனியாக மொழிபெயர்ப்பாளர் தேட வேண்டியிருக்கிறது. அரசியலிலும் அவர்கள் ஒரே கட்டு இல்லை. உங்கள் மாநிலத்தின் ஸ்டார் கவுண்டியில் கிட்டத்தட்ட எல்லோரும் லத்தீனோக்கள். 1892க்குப் பிறகு முதல்முறையாக 2024 அதிபர் தேர்தலில் அது குடியரசுக் கட்சிக்கு வாக்களித்தது. அங்கே போனால் உங்கள் கடிதத்துக்குக் கைதட்டும் மெக்சிகர்களே கிடைப்பார்கள்.

விஞ்ஞானி கேட்டீர்கள். மெக்சிகோ சிட்டியில் பிறந்த மாரியோ மொலினா. குளிர்பதனப் பெட்டியில் ஓடிய வாயு ஓசோன் படலத்தைத் தின்கிறது என்று 1974இல் ஷெர்வுட் ரோலண்டுடன் சேர்ந்து சொன்னவர், 1995இல் நோபல் பரிசு பெற்றார். உங்கள் வீட்டிலிருந்து காரில் நாலு மணி நேரத்தில் ஹூஸ்டன். அங்கே ஜான்சன் விண்வெளி மையத்துக்கு 2013 முதல் 2018 வரை தலைவராக இருந்த எலன் ஓச்சோவாவின் தாத்தா பாட்டி மெக்சிகோவின் சொனோராவிலிருந்து வந்தவர்கள். கேட்டதற்காகச் சொன்னேனே தவிர, இப்படிப் பட்டியல் கொடுப்பது எனக்குப் பிடிக்காது. கூரை மாற்றுகிறவருக்கு மரியாதை கிடைக்க அவர் சாதியில் ஒரு நோபல்காரர் இருந்தாக வேண்டுமா?

2024 மார்ச் 26, பால்டிமோர். கொழும்புக்குக் கிளம்பிய டாலி என்ற சரக்குக் கப்பல் நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணியளவில் பாலத்தில் மோதியது, பாலம் இடிந்து விழுந்தது. கப்பலில் இருந்து போன அபாய அழைப்பால் போலீசார் வாகனங்களை இரு பக்கமும் நிறுத்திவிட்டார்கள். பாலத்தின் மேல் சாலைக் குழிகளை அடைத்துக்கொண்டிருந்தவர்களுக்குச் சொல்ல நேரம் இருக்கவில்லை. இறந்த ஆறு பேரும் மெக்சிகோ, குவாத்தமாலா, ஹோண்டுராஸ், எல் சால்வடோர்க்காரர்கள். கப்பலின் மாலுமிகள் 20 இந்தியர்கள், ஓர் இலங்கையர். விபத்து நடந்த சூட்டோடு அந்த இந்திய மாலுமிகளைக் கோமணம் கட்டிக் கத்தும் கோமாளிகளாகக் காட்டிய ஒரு கேலிப்படம் இணையம் முழுக்கச் சுற்றியது. எனக்கும் வாட்சப்பில் வந்தது. கொதித்துப்போய் அனுப்பியிருந்தவர் ஒரு டெக்சாஸ் தமிழர்.

அவர் கோபம் நியாயம். உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கும் அதே அளவு கோபம் வந்தது, அதனால்தான் உடனே பதில் எழுதாமல் இருந்தேன்.