கரியைக் குறை சொல்லாதீர்கள்

அன்புள்ள ஐயா,

பழைய இரும்புக்கடையில் வாங்கிய லாரி பிரேக் டிரம், ஜி.ஐ. குழாய், வீட்டில் கிடந்த டேபிள் ஃபேன் இவற்றை வைத்து ஓர் உலை கட்டினேன். அரிவாள் அடிக்கும் ஆசை. ஒரு மூட்டைக் கரி தீர்ந்ததுதான் மிச்சம். அரிவாளுக்காக வைத்த லாரி ஸ்பிரிங் பட்டை மங்கலான சிவப்பைத் தாண்டவில்லை. கரி மட்டமா?

க.மு., மானாமதுரை

அன்புள்ள க.மு.,

உங்கள் பக்கத்துச் சீமைக் கருவேலங்கரிக்கு என்ன குறைச்சல்? குற்றவாளி ஃபேன். அதன் இறக்கை காற்றை வீசும், அழுத்தித் தள்ளாது. குறுகிய குழாய்க்குள் புகுந்து கரிக்குவியலைத் துளைத்து மேலே வர அழுத்தம் வேண்டும். துருத்தியின் வேலையே அதுதான். பழைய ஹேர் டிரையர் ஒன்றைப் பொருத்துங்கள். காற்று மிஞ்சினால் மட்டுப்படுத்த, குழாயின் குறுக்கே ஒரு தகரத்தைச் செருகி வையுங்கள்.

டிரம்மின் அகலம் முழுக்கத் தீ பரவுவதால்தான் மூட்டை காலியாகிறது. களிமண்ணையும் ஆற்று மணலையும் பிசைந்து உள்ளே பூசி, நடுவில் குழம்புச் சட்டி அளவுக்குக் குழி விடுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகே தீ மூட்ட வேண்டும். பட்டையைக் காற்று வரும் வாயருகே வைக்காதீர்கள். அங்கே எரியாமல் மிஞ்சும் பிராணவாயு இரும்பைச் செதில் செதிலாக உரித்துவிடும். கொஞ்சம் மேலே, கரிக்குள் புதைந்திருக்கட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று, அந்த ஜி.ஐ. குழாய். அதன் துத்தநாகப் பூச்சு 907 டிகிரி செல்சியஸில் கொதித்து ஆவியாகும். உலைக்கு அது எட்டாத சூடல்ல. அந்த வெண்புகையை நான் ஒருமுறை இழுத்திருக்கிறேன். அன்றிரவு இரண்டு கம்பளி போர்த்தியும் பல் தந்தியடித்தது. மலேரியாவோ என்று வீட்டில் பயந்துவிட்டார்கள். முதலில் அதைக் கழற்றிவிட்டுப் பூச்சில்லாத கருப்புக் குழாயைப் போடுங்கள். உலையும் திறந்த வெளியில் இருக்கட்டும்.

மங்கலான சிவப்பு என்கிறீர்களே, எந்த நேரத்தில் பார்த்தீர்கள்? உச்சி வெயிலில் நல்ல சூடும் மங்கலாகத்தான் தெரியும். சாயங்காலம் மர நிழலில் பாருங்கள். ஒரு காந்தமும் வைத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 770 டிகிரியில் இரும்பு அதில் ஒட்டாது. அடிப்பதற்கு அதையும் தாண்டி ஆரஞ்சு நிறம் வரவேண்டும். சூட்டோடு முக்கிக் கடினப்படுத்தும் தோய்ச்சலுக்கோ, காந்தம் கைவிட்டதற்குச் சற்று மேலே போனால் போதும்.

ஆனால் பட்டை கம்பி மத்தாப்பாகப் பொறி சிந்தினால் எஃகு எரிந்துவிட்டது என்று பொருள். பிறகு எதற்கும் உதவாது. என் முதல் அரிவாள் அப்படித்தான் முடிந்தது. கொல்லைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு இன்னும் கிடக்கிறது.