பார்டர் காலி நாய் குரைக்காமலே எப்படி ஒரு ஆட்டு மந்தைய நகர்த்துது?

ஷீப்டாக் ட்ரையல்னு ஒரு போட்டி இருக்கு, வேல்ஸ்ல பாலாங்கிற ஊர்ல 1873லயே நடந்திருக்கு, தூரத்துல நிக்கிற செம்மறி ஆடுங்கள நாய் கூட்டிட்டு வந்து பட்டில அடைக்கணும். இதுல பார்டர் காலிய அடிச்சுக்க ஆளே இல்ல. அதோட வித்தைக்கு பேரே 'கண்ணு'தான், அதாவது தலைய தாழ்த்தி பதுங்கிக்கிட்டு ஆட்ட கண் கொட்டாம முறைக்கும், ஆடு நகர்ந்துரும்.

காரணம் ஓநாய்கிட்டேர்ந்து நாய்க்கு வந்த வேட்டைப் புத்தி. பாக்கறது, பதுங்கறது, துரத்துறது, கடிக்கறது, கொல்றதுன்னு அதுல ஒரு வரிசை இருக்கு, முதல் மூணும் தூக்கலா கடைசி ரெண்டும் அடங்கிப்போன நாய்ங்களா பாத்து பாத்து மேய்ப்பருங்க தலைமுறை தலைமுறையா இனம் சேர்த்தாங்க. ஆட்டுக்கு இதெல்லாம் தெரியாதே, பாவம், வேட்டைக்குத்தான் வருதுன்னு ஒதுங்குது.

ரேஷன் க்யூல பின்னாடி ஒருத்தர் ஒட்டி நின்னா நாம தானா ஒரு அடி முன்னாடி போறோம்ல, அதே கதைதான். ரொம்ப நெருங்கிட்டா மந்தை சிதறிடும், எவ்ளோ தூரத்துல நிக்கணும்ங்கறதுலதான் மொத்த சூட்சுமமும்.

நிறைய பேர் இது முழுக்க ட்ரெயினிங்னு நினைக்கறாங்க, இல்லங்க, முறைக்கறதும் பதுங்கறதும் பிறவிலயே வர்றது, 'கம் பை'ன்னா கடிகார திசைல சுத்து, 'அவே'ன்னா எதிர்ப்பக்கம் சுத்துங்கற மாதிரி கட்டளைங்கள மட்டும்தான் மனுஷன் சொல்லிக் குடுக்கறான்.